பன்னிரண்டு குளம்புகள்

செவத்தியானின் மகள் ஜெசிந்தாவுக்கு அநியாயம் நடந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள், காலை பதினோரு மணிக்கு, தாவரவியல் துறையின் இரண்டாம் மாடி ஆய்வகத்தில், எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவளுடைய நெறியாளரும் துறைத்தலைவருமான பேராசிரியர் விசாகமூர்த்தி, அவள் அலமாரியிலிருந்த வாயகன்ற கண்ணாடி ஜாடியை மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இது ஆராய்ச்சிக்கூடமா, இல்ல செவத்தியான் கறிக்கடையா?" என்று கேட்டார். ஜாடிக்குள் ஈரச் சருகின் மேல் பன்னிரண்டு ஆட்டுக்குளம்புகள் இருந்தன. அவளுடைய மூன்றரை வருஷ ஆராய்ச்சியின் நாலாவது அத்தியாயம் மொத்தமும் அந்தப் பன்னிரண்டு குளம்புகளில் இருந்தது. "பேச்சிமுத்து, இதத் தூக்கிப் போட்டு எரிச்சிடு. நாளைக்குப் பூஜை," என்று ஆய்வக உதவியாளரைப் பார்த்துச் சொன்னார். அப்பாவின் பெயரை அவருக்குச் சொன்னவளும் அவள்தான். ஆய்வேட்டில் மாதிரிகள் கிடைத்த இடம் என்ற கட்டத்தில் 'செவத்தியான் கறிக்கடை, வாரச்சந்தை வடக்கு வாசல்' என்று எழுதியிருந்தாள். அவர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'உள்ளூர்' என்று எழுதியிருந்தார். ஆக, ஏட்டில் எழுதக் கூடாத பெயர், எட்டுப் பேர் முன்னால் சிரிப்புக்குச் சொல்ல மட்டும் ஆகும். எட்டில் ஐந்து பேர் சிரித்தார்கள். மூன்று பேர் சிரிக்கவில்லை. அதில் ஒருத்தி தும்மிக்கொண்டிருந்தாள், அவளைச் சேர்த்துக்கொள்ள முடியாது. வகுப்பில், விடுதியில், பஸ்ஸில், கண்டக்டரிடம், எங்கேயும் பேச்சில் தோற்காத ஜெசிந்தா, அன்றைக்கு வாயைத் திறந்து, "சரி சார்" என்றாள்.

அந்தச் சரி சாரை ஏழு வாரமாக அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இப்போது, நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, துறையின் கருத்தரங்க அறையில் முதல் வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் அது தொண்டையிலேயே நின்றது. மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. மேடையில் விசாகமூர்த்தி வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். வரவேற்புரை என்றால் அவருக்குத் துறைக்குக் கடைக்கால் தோண்டியதிலிருந்து தொடங்கும். இன்னும் ஓட்டுக் கட்டடம் காரைக் கட்டடமான வருஷத்துக்கே வந்து சேரவில்லை. பேசட்டும், நன்றாகப் பேசட்டும், என்று நினைத்தாள். நினைத்த மறுகணம், ஐயோ, பேசப் பேச டப்பாவுக்குள் காய்ந்துபோகுமே என்று நினைத்தாள். வெளியே மழை விட்டுவிட்டுத் தூறியது. மின்விசிறி ஒரு இறக்கையில் மட்டும் முனகியது. ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் நடக்கும் கூட்டம் இது; குழுவில் இரண்டு பேர், விசாகமூர்த்தி ஒருவர், வேறு கல்லூரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த டாக்டர் சுலோசனா ஒருவர். இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் ஏடு வாசல் தாண்டும். சுலோசனா மேடத்துக்கு ஜலதோஷம். வாய்க்குள் ஒரு மாத்திரையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டிக்கொண்டு, வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா நல்லவரா கெட்டவரா என்று தெரியாது. கேள்வி கேட்கிறவரா என்பதுகூடத் தெரியாது. விசாகமூர்த்தியின் கையெழுத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: நாலாவது அத்தியாயம் இருக்கக் கூடாது. "கன்டாமினேஷனை வச்சு ஒரு அத்தியாயமா? கைபடுற எடத்துல எல்லாம் பூஞ்சை வரும்மா. பழைய சோத்துல வரும், நனைஞ்ச செருப்புல வரும். அதுக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுத்தா யூனிவர்சிட்டி தாங்காது." அதற்கும் சரி சார். நாலாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டதாக அவரிடம் காட்டிய, திரையில் போடப்போகும் படங்களில், உண்மையாகவே எடுத்துத்தான் இருந்தாள். அதற்கு இப்போது படம் எதற்கு?

பதில்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. முதல் பதில் அன்றைக்கே, ஆய்வகத்திலிருந்து இறங்கும்போது ஏழாவது படியில் வந்தது: "கறிக்கடைன்னா என்ன சார் கேவலமா?" நல்ல பதில்தான்; ஆனால் கேள்வியாக முடிகிறது, அவர் இல்லம்மா என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இரண்டாவது, ஊருக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு: "போன மாசம் கல்யாணத்துல ரெண்டு தரம் பிரியாணி வாங்கினீங்களே, அந்த ஆட்டுக்குக் குளம்பு இல்லையா?" இதை வாய்விட்டே சொல்லிவிட்டாள், பக்கத்துச் சீட்டுக்காரி கூடையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அந்தப் பதில் உண்மை. கண்ணால் பார்த்த உண்மை. இரண்டாவது தரம் எலும்பாகப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினார் மனுஷன். ஆனால் அது அவருடைய இலையைப் பற்றிய பதில், அவளுடைய குளம்பைப் பற்றியது அல்ல. மூன்றாவது பல் தேய்க்கும்போது வந்து நுரையோடு போனது. நாலாவது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரத்தில் வந்தது. அது இவ்வளவு மோசமான பதில் என்பதால், கைகூப்பியபடியே சாமியிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். எல்லாப் பதிலிலும் ஒரே ஓட்டைதான். அவர் சொன்னதற்குப் பதில் இருக்கிறது, அவர் செய்ததற்குப் பதில் இல்லை. குளம்புகள் சாம்பலாகிவிட்டன. சாம்பலைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நாக்கு நீளமிருந்தும் என்ன? அப்படித்தான் போன வியாழக்கிழமை வரை நினைத்திருந்தாள். வியாழக்கிழமையை நினைத்ததும் டப்பாவின் மேல் வைத்திருந்த கை தானாக இறுகியது. இறுக்காதே, சூடு ஏறும், என்று கையை எடுத்தாள். எடுத்தால் சரிந்துவிடும். மறுபடி வைத்தாள்.

மேடையில் ஓட்டுக் கட்டடத்துக்கு இடி விழுந்த கதை வந்துவிட்டது. அவளுக்குள் மலை வந்தது. மேகம் கீழே கிடக்கும் அந்தச் சோலைக்காடு, ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய், காலுறைக்குள் புகையிலைத் தூளும் மேலே சுண்ணாம்பும் தடவிக்கொண்டு அட்டைகளுக்குத் தப்பி ஏறிய பாதை, முன்னால் வனக்காவலர் ராசாங்கம். அவளைவிட இரண்டு வயது பெரியவன். அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டே உயிரை எடுப்பான். "டாக்டரம்மா, ஊர்ல எல்லாரும் உசுரோட இருக்கிற நோயாளியப் பாப்பாக. நீங்க மட்டும் செத்த மாட்டுக்கு வைத்தியம் பாக்க ஏறி வர்றீக." நோயாளி ஒரு காட்டுமாடு. கிழட்டுக் காளை. ஓடைக்கரையில் விழுந்து ஒன்பது நாளில் அவள் முதன்முதலாகப் பார்த்தபோது அது இன்னும் மலைபோலத்தான் கிடந்தது, உள்ளே மட்டும் யாரோ குடியிருப்பதுபோல் தோல் அசைந்தது. புழுக்கள். ராசாங்கம் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டான், அவள் கட்டவில்லை. சந்தைக் கடையில் பள்ளிக்கூடப் பையை மாட்டிய ஆணியில்தான் குடலும் தொங்கும், நாற்றமும் வீட்டு ஆள்தான் அவளுக்கு. அடுத்த மாதம் செந்நாய்களும் பன்றிகளும் முடித்துவிட்டுப் போயிருந்தன. அதற்கடுத்த மாதம் எலும்பும் தோலின் ஓரங்களும், சுற்றி ஒரு பாய் அகலத்துக்குப் புல் கருகிய தரையும். அந்த மாட்டின் உடம்பிலிருந்து வடிந்தது மண்ணை எரித்திருந்தது, அங்கே இனி ஒன்றும் முளைக்காது என்றே தோன்றியது. நாலாவது மாதம் அதே கருகிய தரையில் சருகை விலக்கினால் வெள்ளை இழைகள், நனைந்த பஞ்சுநூல் மாதிரி, எலும்பிலிருந்து வேருக்கும் வேரிலிருந்து எலும்புக்கும் தையல் போட்டுக்கொண்டு. ஆறாவது மாதம் சின்னக் கிண்ணம் கிண்ணமாகப் பழுப்பு நிறக் காளான்கள். எட்டாவது மாதம் குடை குடையாக வேறொரு கூட்டம். ஒன்று முடித்து எழுந்தால் அடுத்தது உட்காருகிறது, பந்தி மாதிரி, இடித்துக்கொள்ளாமல். முதல் பந்திக்காரர்கள் மென்மையானதைத் தின்றார்கள், அடுத்தவர்கள் அவர்கள் கசியவிட்டதைத் தின்றார்கள். யாருக்கும் ஆகாமல் கடைசியில் மிஞ்சியது கொம்பும் குளம்பும். பல்லால் ஆகாது, புழுவால் ஆகாது, மழையால் ஆகாது. பதினாலாவது மாதம் அவள் குப்புறப் படுத்து, கொம்புக்கு நேராகக் கண்ணை வைத்தாள். கொம்பின் மேல், ஒரு நகக்கண் உயரத்துக்கு, நின்றன. மெலிந்த தண்டு, தலையில் உருண்டையாக ஒரு மாவுக்கொண்டை, வரிசையாய் நூற்றுக்கணக்கில். எல்லோரும் கைவிட்ட கொம்பைத் தின்று எழுந்து நின்ற ஒரே ஜீவன். ராசாங்கமும் பக்கத்தில் குப்புறப் படுத்தான். அப்புறம், "தீக்குச்சி அடுக்கின மாதிரி இருக்கு டாக்டரம்மா," என்றான். "ஒரசிறாதீக."

போட்டோவைப் பார்த்து விசாகமூர்த்தி சொன்னது, மிளகாய் விதை மாதிரி இருக்கு. சரி, வளர்த்துக் காட்டுகிறேன் என்று மாவுத்தூளைக் கொண்டுவந்து கண்ணாடித் தட்டுகளில் விதைத்தாள். வளரவில்லை. கொம்புத்தூள் போட்டாள், வளரவில்லை. மலைக்குளிரைப் பெட்டிக்குள் உண்டாக்கினாள், ஐந்து மாதம், நூற்றுச்சொச்சம் தட்டு, ஒன்றுகூட வளரவில்லை. வளர்ந்ததெல்லாம் பழைய சோற்றில் வருவது. எங்கே தவறு, எங்கே, எங்கே என்று அந்தக் கேள்வி விடுதிச் சோற்றிலும் கிடந்தது, குளிக்கிற வாளியிலும் கிடந்தது. ஒரு சனிக்கிழமை சந்தையில் அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தபோது, தெருநாய் ஒன்று குளம்பைக் கவ்விக்கொண்டு ஓட, செவத்தியான் கத்தியின் பின்பக்கத்தால் பலகையைத் தட்டி, "ஏலே, அது செரிக்காதுடா ஒனக்கு!" என்று கத்தினார். செரிக்காது. நாய்க்குச் செரிக்காது. செந்நாய்க்கும் செரிக்காது. ஆனால் அது வயிற்றுக்குள் போகுமே, வெளியே வருமே, அதோடு சேர்ந்து அந்தத் தூளும் ஒரு வயிற்றுக்குள் போய் வெளியே வருமே! அந்த வித்துகள் முளைக்க ஒரு வயிறு வேண்டியிருந்தால்? புளிப்பில் ஊறி, எரிந்து, அப்புறம்தான் கண் திறக்கும் என்றால்? சுத்தம் சுத்தம் என்று ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து அல்லவா விதைத்துக்கொண்டிருந்தாள்! "அப்பா, ஆட்டோட நாலாவது இரைப்பையில இருக்கிற தண்ணி எனக்கு வேணும்." செவத்தியான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குத்தா?" "படிப்புக்கு." "ஒன் படிப்பு நம்ம கடைக்கே வந்துருச்சா," என்றார், அவ்வளவுதான், ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி எடுத்தார். சாற்றில் ஊறிய வித்து ஆறு குளம்புக்கு, ஊறாத வித்து ஆறு குளம்புக்கு. எதில் எது என்று ஜாடியில் எழுதினால் ஈரத்தில் மை அழியும், காகிதம் ஒட்டினால் மக்கும். அதற்கும் கடைதான் வழி வைத்திருந்தது. விசேஷ வீட்டுக்காரர்கள் தங்கள் ஆட்டுக்கால்களை வாட்டித்தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், நாலு வீட்டுக் கால் ஒரே நெருப்பில் கிடக்கும், ஒன்றோடொன்று மாறினால் சண்டை. அதனால் செவத்தியான் ஒவ்வொரு வீட்டுக்கும் குளம்பில் கத்தியால் வெட்டுத்தடம் போடுவார், ஒரு வீட்டுக்கு ஒரு வெட்டு, அடுத்த வீட்டுக்கு இரண்டு. நெருப்பில் போனாலும் அழியாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு கால் வீடு மாறியதில்லை. ஊறியதற்கு இரண்டு வெட்டு, ஊறாததற்கு ஒரு வெட்டு. அப்பாவே போட்டுக் கொடுத்தார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு. அந்த மனுஷனின் பெயரைத்தான்.

"அக்கா." முதலாண்டு மாணவி ஒருத்தி காதருகே குனிந்திருந்தாள். "இதையும் டேபிள்ல வச்சிரட்டுமா? கேசரியா?" ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பின்னால் நீள மேஜையில் மைசூர்பாகும் மிக்சரும் சமோசாவும், செமினார் கொடுக்கிறவர்தான் டிபனும் கொடுக்க வேண்டும் என்பது துறையின் எழுதாத சட்டம், காலையிலிருந்து அவளே அடுக்கி வைத்தது. அந்தப் பெண் டப்பாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தே விட்டாள். அந்தக் கணத்தில் எல்லாமே நடந்து முடிந்ததுபோல் ஜெசிந்தாவின் கண்ணுக்குள் ஓடியது. டப்பா மேஜைக்குப் போகிறது, விசாகமூர்த்தி வரவேற்புரை முடித்த களைப்பில் மூடியைத் திறக்கிறார், கேசரி இருக்கும் என்று விரலை விடுகிறார். சிரிப்பு குபீரென்று மூக்கு வரை வந்துவிட்டது. "விடுடி. இது ஸ்வீட் இல்ல." "காரமா?" "ரொம்பக் காரம்." பெண் போய்விட்டாள், ஆனால் இழுத்த இழுப்பில் உள்ளே ஏதோ டொக்கென்றது. டொக். குளம்பு பஞ்சை விட்டு நழுவியிருக்கிறது. தண்டு முறிந்திருந்தால்? கொண்டைகள் உடைந்து வெறும் பழுப்புத்தூள் மட்டும் மிஞ்சியிருந்தால்? தூளைக் காட்டி இதுதான் என்றால் மூக்குப்பொடியா என்று கேட்பார். அதற்கும் ஐந்து பேர் சிரிப்பார்கள். வரும்போது மாடிப்படியில் வேறு ஒருமுறை செருப்பு வழுக்கியிருந்தது. திறந்து பார்க்கலாமா? திறந்தால் மின்விசிறிக் காற்று. திறக்காவிட்டால் தெரியாது. தெரியாமலே எழுந்து நின்று திறப்பதா? கட்டைவிரல் மூடியின் விளிம்பில் போய் நின்றது, திரும்பி வந்தது, போய் நின்றது. வயிறு புளித்தது. புளிக்கட்டும், புளித்தால்தானே முளைக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது அவ்வளவு அசட்டுத்தனமான ஆறுதலாக இருந்ததால், நிஜமாகவே கொஞ்சம் ஆறியது.

போன வியாழக்கிழமை பேச்சிமுத்து அண்ணன் நூலகத்து வாசலில் அவளைப் பிடித்தார். ஆய்வக உதவியாளர், இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு, எதையும் பக்கவாட்டில் பார்த்துத்தான் பேசுவார். "பாப்பா, கோவிச்சுக்காத. ஒன் ஆட்டுக்கால அன்னைக்கு நான் எரிக்கல." அவள் நின்றாள். "பூஜைக்குக் கழுவிவிட்ட எடத்துல, முந்தின நாளுமா யாராச்சும் குளம்ப எரிப்பாகளா? அந்த நாத்தம் சரஸ்வதிக்கு ஆகுமா? பின்னாடி தூங்குமூஞ்சி மரத்தடியில கொட்டிட்டேன். பூஜை முடிஞ்சு எரிப்போம்னு நெனச்சேன், அதுக்குள்ள மழ பிடிச்சிருச்சு, அப்புறம் மறந்தேபோச்சு. இன்னைக்குக் குப்பைய இழுக்கப் போனா..." பக்கவாட்டில் பார்த்தார். "தீக்குச்சி மொளைச்சிருக்கு பாப்பா." தீக்குச்சி! நூறு மைலுக்கு அப்பால் மலையில் இருக்கிற ராசாங்கத்தை இந்த மனுஷர் கண்ணால் கண்டதில்லை. அவள் ஓடினாள். கட்டடத்துக்குப் பின்னால், மதிலோரம், அன்றைக்கு மைக்ராஸ்கோப்புக்கும் ஆட்டோகிளேவுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு மிஞ்சிய குப்பை அத்தனையும் அங்கேதான் கொட்டியிருந்தது. வாடிய மாலை, வாழைக்கன்று, நமுத்த பொரி, எல்லாவற்றுக்கும் மேலே வாசலில் திருஷ்டிக்கு உடைத்த பூசணிக்காயின் பாதி, குங்குமம் கரைந்து, கூரை மாதிரி கவிழ்ந்து, உள்ளே சதை கூழாகி. அதை நகர்த்தினாள். அதற்குக் கீழே தூங்குமூஞ்சிச் சருகு கறுத்து, வெள்ளை இழையோடி, அந்தச் சோலைக்காட்டின் தரையேதான், மணத்தில்கூட. கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து மாதம் கெஞ்சியும் வராத காடு, துறையின் முதுகுக்குப் பின்னால் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. குளம்புகளைப் பொறுக்கினாள். ஒன்று, இரண்டு, என்று எண்ணினாள், பன்னிரண்டும் இருந்தன. பொறுக்கப் பொறுக்க இரண்டு பக்கமாக வைத்தாள். ஒரு வெட்டுக் குளம்புகள் ஆறும் மொட்டை. கழுவி வைத்த மாதிரி மொட்டை. இரண்டு வெட்டுக் குளம்புகள் ஆறிலும் தண்டு தண்டாக, கொண்டை கொண்டையாக. ஒரே குப்பை, ஒரே மழை, ஒரே பூசணிக்காய். பழைய சோற்றில் வருவது என்றால் பன்னிரண்டிலும் வந்திருக்க வேண்டாமா? நனைந்த செருப்பில் வருவதற்கு வெட்டுத்தடம் எண்ணத் தெரியுமா? அவள் அந்த ஈரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். பேச்சிமுத்து பயந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்தார். "பாப்பா, ஒண்ணு மட்டும். எரிக்கலேன்னு அவருக்குத் தெரிஞ்சா, கடைசி நேரத்துல எனக்கு வம்பு. என் பேரு வர வேணாம்." வராது என்று சொன்னாள். சத்தியம் பண்ணினாள். அதிலிருந்துதான் இந்தப் புது முடிச்சு. பன்னிரண்டையும் காட்டலாம், எங்கே வளர்ந்தது என்று கேட்டால்? குப்பையில் என்று சொன்னால் குப்பைக்கு எப்படிப் போனது, எரிக்கச் சொன்னேனே என்பார், பேச்சிமுத்து மாட்டுவார். சொல்லாவிட்டால் இடம் தெரியாத மாதிரி, ஆய்வு மாதிரியே அல்ல. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் நிற்கிறது, எல்லாப் பதிலும் இருக்கிற அவளிடம் இதற்கு மட்டும் பதில் இல்லை.

கைதட்டல். வரவேற்புரை முடிந்துவிட்டது. "...நாலாவது அத்தியாயம், எங்களுடைய ஆலோசனையின்பேரில், நீக்கப்பட்டிருக்கிறது. மற்றதை மாணவி சுருக்கமாகச் சொல்வார்," என்று சொல்லி விசாகமூர்த்தி உட்கார்ந்தார், மைசூர்பாகின் திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஜெசிந்தா எழுந்தாள். டப்பாவோடு போய்த் தேர்வாளர் மேஜைமேல் வைத்தாள். மூன்று அத்தியாயத்தையும் அவள் வாய் சொன்னது. காட்டுமாடு, கருகிய தரை, இழை, கிண்ணம், குடை, பந்தி பந்தியாக. அவள் மனம் மூடிக்குள் இருந்தது. டொக். டொக் என்றதே. கடைசிப் படம் முடிந்து திரை வெளுத்தது. "நாலாவது அத்தியாயம்," என்றாள். விசாகமூர்த்தி நிமிர்ந்தார். "அதான் இல்லேன்னு சொல்லியாச்சே." "இருக்கு சார்." மூன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, சரி சார் அல்லாத ஒரு சார். அந்தச் சத்தம் அவள் காதுக்கே புதிதாக இருந்தது, இனித்தது. மூடியைத் திறந்தாள். ஒரு குளம்பு கவிழ்ந்திருந்தது. அது மொட்டைக் குளம்பு, கவிழட்டும். மற்றவை நின்றன. அத்தனையும் நின்றன. டாக்டர் சுலோசனா மாத்திரையைக் கடித்துவிட்டார், கடுக்கென்று சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு, கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, டப்பாவுக்குள் மூக்கை விட்டார், ஒரு முழம் தள்ளியெல்லாம் இல்லை. ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று ஜெசிந்தா சொல்லச் சொல்ல விரலால் எண்ணினார். ஒருமுறை எண்ணினார். திரும்ப எண்ணினார். "சார், ஆறுக்கு ஆறு," என்றார் விசாகமூர்த்தியைப் பார்த்து. "இதையா எடுக்கச் சொன்னீங்க? மத்த மூணையும் எடுத்தாக்கூட நான் இது ஒண்ணுக்கே கையெழுத்துப் போடுவேன்." பின்வரிசையில், அன்றைக்குச் சிரித்த ஐந்தில் இரண்டு பேர் எக்கிப் பார்ப்பதை ஜெசிந்தா கவனித்தாள். அவர்களையும் மன்னித்துவிடலாம் போலிருந்தது, இன்றைக்கு அவ்வளவு தாராளம் அவளிடம் இருந்தது.

விசாகமூர்த்தியின் முகம் சிவந்து, பிறகு ஒரு மாதிரி தெளிந்தது. அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்பது அந்தத் தெளிவிலேயே தெரிந்தது. "இருங்க மேடம். நம்ம ஆய்வகத்துல இது வளரல, அது எனக்கு நிச்சயமாத் தெரியும். வேற எவன் ஆய்வகத்துலயோ பண்ணிட்டு நம்ம பேர்ல கொண்டாந்தா நான் ஒத்துக்க மாட்டேன்." அவள் பக்கம் திரும்பினார். "இடத்தைச் சொல்லும்மா. மாதிரி எங்க கிடைச்சது, எங்க வளர்ந்தது, ரெண்டையும் சொல்லு. இடம் இல்லாத மாதிரி வெறும் குப்பைதான், நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்." கேள்வி வந்தேவிட்டது. கதவோரத்தில் தேநீர்க் கேத்தலோடு நின்ற பேச்சிமுத்து பக்கவாட்டில் சுவரைப் பார்த்தார். ஜெசிந்தாவுக்குள் அந்தப் பதினோரு மணி மறுபடி ஓடியது. தூக்கிப் போட்டு எரிச்சிடு, தூக்கிப் போட்டு, எரிச்சிடு. ஏழு வாரமாக அதை முழுசாகவே மென்றதால்தான் அதில் இரண்டு துண்டு இருப்பதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது துண்டு பேச்சிமுத்துவுடையது; அது அவரோடேயே இருக்கட்டும். முதல் துண்டு போதும். அது அவருடைய வாயிலிருந்து வந்த சொல், எட்டுப் பேர் சாட்சி. ஏழாவது படியில் வந்தது, பஸ்ஸில் வந்தது, கோயிலில் வந்தது எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தொண்டையில் அடைத்திருந்தது கரைந்து, கீழே போய், எங்கோ புளிப்பில் ஊறி, வேறொன்றாக எழுந்து வந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. பேனாவை எடுத்து, அவர் திருத்தித் தந்த ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து, சிவப்பில் இருந்த 'உள்ளூர்' மேல் ஒரு கோடு போட்டாள். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக, மரியாதையாகச் சொன்னாள்:

"கிடைச்சது எங்க அப்பா செவத்தியான் கறிக்கடையில சார். வளர்ந்தது நீங்க தூக்கிப் போடச் சொன்ன இடத்துல."